தவசிமுத்து எதைத் தேடுவார்

கடையில் என்ன இருக்கிறது என்பதை வலைத்தளத்தில் எழுதி வைத்துவிட்டால் ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. இது தவறு. சாதாரணத் தவறு அல்ல. பூமி தட்டையானது என்ற தவறுக்கும் வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்ற தவறுக்கும் நடுவே, முன்னதற்குச் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய தவறு. 'மிக்ஸி, கிரைண்டர் உதிரிபாகங்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்' என்ற வாக்கியத்தை மனிதகுலத்தில் எவரும் எந்த அவசரத்திலும் தேடியதில்லை. விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்திருக்க, கையில் பிடித்த ஜாரிலிருந்து தேங்காய்ச் சட்னி முழங்கை வரை வழிய, ஒருத்தி மறு கையால் தேடுவது 'மிக்ஸி ஜார் அடியில ஒழுகுது என்ன செய்ய' என்பதைத்தான். வைத்திருப்பவரின் சொல் வேறு, இல்லாதவரின் சொல் வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரமே தேடல் முடிவுகளில் பதினோராம் பக்கத்துக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம். அருப்புக்கோட்டையில் இந்த உண்மையை முதலில் கண்டுகொண்டவர், பந்தல்குடி ரோட்டில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்த சீனியம்மாள். ஆனால் அவர் அதை வியாபாரத்துக்காகக் கண்டுகொள்ளவில்லை. புருசனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

புருசன் தவசிமுத்து மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, பாதி பிரித்த கிரைண்டரின் மேல் ஸ்குருடிரைவரை வைத்துவிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, டீ குடிக்கப் போகிறவரைப் போலக் கடையை விட்டு இறங்கிப் போனார். டீக்கடையையும் தாண்டிப் போனார் என்று டீ மாஸ்டர் சங்கையா சொன்னார். அதற்கு மேல் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. போன் அணைந்து கிடந்தது. சீனியம்மாள் போலீஸில் எழுதிக் கொடுத்தார், மூன்று மாவட்டப் பேருந்து நிலையங்களில் போட்டோ ஒட்டினார், ஒட்டிய போட்டோ மேல் கண் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒட்டப்பட்டதைப் பார்த்து அதன் மேல் மறுபடி ஒட்டினார், சொக்கநாதர் கோயிலில் வேண்டிக்கொண்டார், வேண்டியதோடு நிற்காமல் சாமியிடம் கொஞ்சம் சண்டையும் போட்டார். எதற்கும் பதில் இல்லாமல் இரண்டு மாதம் போனபின், அடுத்த கட்டடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கிருபாவதியிடம் போய், இன்டர்நெட்டில் 'காணவில்லை' என்று போட முடியுமா என்று கேட்டார்.

கிருபாவதிக்கு வயது முப்பது, ஊர்க்காரர்களின் சாதிச் சான்றிதழிலிருந்து ஹால் டிக்கெட் வரை அச்செடுத்தே பாதிப் பேரின் பிறந்த தேதியை மனப்பாடமாக வைத்திருந்தவள். அவள் சீனியம்மாளை உட்காரச் சொன்னாள்.

"காணவில்லைன்னு போட்டா அதை யாரு தேடுவாங்கக்கா? அவரு காணாமப் போயிட்டாருன்னு அவருக்கே தெரியாதுல்ல. அவரப் பொறுத்தவரைக்கும் நாமதான் காணாமப் போயிருக்கோம்."

"பெறகு எப்படி?"

"அவரு என்னத்தத் தேடுவாரோ அங்க போயி நாம முன்னாடி நிக்கணும். அதுக்குப் பேருதான் கீவேர்டு."

"அவுக என்னத்தத் தேடுவாக?"

"அத நீங்கதான் சொல்லணும். இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்துனது நீங்கதான, நானா?"

தவசிமுத்து யாரிடமும் எதையும் கேட்காத மனிதர். சிவகங்கையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வழி கேட்கக் கூச்சப்பட்டு இராமநாதபுரம் போய்ச் சேர்ந்து, அங்கே ஏதோ ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வந்தவர். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் உப்புக் கேட்காமல் ஊறுகாயைத் தொட்டுக்கொள்பவர். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீனியம்மாள்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அவர் தலையை ஆட்டினார், அந்தத் தலையாட்டலைக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர் எதைத் தேடுவார்? ஆனால் ஒருமுறை கடையில், திரும்பி உட்கார்ந்துகொண்டு, போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஒற்றை விரலால் அவர் எதையோ எழுத்துக் கூட்டி அடித்துக்கொண்டிருந்ததை சீனியம்மாள் பார்த்திருக்கிறார். மனுசரிடம் கேட்காதவர் போனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை விரலை நம்பித்தான் வலைத்தளம் தொடங்கியது.

முதலில் கடையின் சொற்களை எழுதிப் பழக வேண்டும் என்று கிருபாவதி சொன்னாள். ஊருக்குள் புதிதாகக் குடிவந்த ஆளை நம்புவதற்கு ஊர் எத்தனை நாள் எடுக்குமோ அத்தனை நாள் தேடுபொறியும் எடுக்கும். 'மிக்ஸி' என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய கம்பெனிகள் மாளிகை கட்டி உட்கார்ந்திருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதே. நீளமான கேள்விகள் ஆள் நடமாட்டம் இல்லாத சந்துகள், அங்கே போய்க் கடையைப் போடு. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. கேள்வி அவர்கள் வாயிலிருந்து எப்படி வருமோ அப்படியே தலைப்பில் ஒருமுறை, முதல் பத்தியில் ஒருமுறை, நடுவில் வேண்டுமானால் ஒருமுறை. அதற்கு மேல் சொன்னால், கல்யாண வீட்டு வாசலில் ஒரே ஆளைப் பத்துத் தடவை வாங்க வாங்க என்று அழைத்தால் எப்படிச் சந்தேகம் வருமோ அப்படி வரும். கடைசியாக, வந்தவருக்கு வேண்டியது பக்கத்தில் இல்லையென்றால் நாலு செகண்டில் போய்விடுவார். அப்படிப் பத்துப் பேர் போனால் நம் ரேங்கும் அவர்களோடு போய்விடும். சீனியம்மாள் இதையெல்லாம் மிக்ஸி வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு முதல் ஆள் வந்தாள். ஓசூர்க்காரி. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஜாரோடு கடைப் படியில் நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதாகவோ ஆட்டோவில் வந்ததாகவோ யாரும் பார்க்கவில்லை. படியில் இல்லாமல் இருந்தாள், பிறகு இருந்தாள். "ஒழுகுதுங்க" என்றாள். சீனியம்மாள் ஜாரை வாங்கித் துடைத்து, அடியிலிருந்த தேய்ந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஆட்டிக் காட்டி, கையில் கொடுத்தார். வாங்கியவள் லைட்டை அணைத்தது போல இல்லாமல் போனாள். படியில் மூன்று சொட்டுச் சட்னி மிச்சம் இருந்தது. சீனியம்மாள் அதை மிதித்துவிடாமல் தாண்டி வெளியே வந்து, கிருபாவதியின் சென்டரைப் பார்த்து, "ஒரு ஆளு வந்துட்டுப் போகுது" என்றார். கிருபாவதி திரையைப் பார்த்துவிட்டு, ஆமாம், இங்கேயும் ஒன்று காட்டுகிறது என்றாள்.

அன்று மதியத்துக்குள் ஏழு பேர். மறுநாள் முப்பது பேர். தேடியவர்கள் தேடிய இடத்தில் இருந்தபடியே பந்தல்குடி ரோட்டுக்கு வந்து, வேண்டியது கிடைத்ததும் போனார்கள். இதில் ஊருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது, அது இடப் பற்றாக்குறை. வார்டு உறுப்பினர் கயிறு கட்டி, 'தேடி வருவோர் வரிசை' என்று போர்டு வைத்து, அதற்கு ஒரு டியூப் லைட்டும் போட்டுத் திறந்துவைத்தார். ஒழுகும் ஜார் ஆட்கள் சராசரியாக ஒன்றரை நிமிடம்தான் நிற்கிறார்கள் என்று கண்ட சங்கையா, அதற்குள் குடித்து முடிக்கிற மாதிரி ஆற்றி வைத்த அரை கிளாஸ் டீ ஒன்றைப் புதிதாக ஏற்பாடு செய்தார். ஆட்டோ ஸ்டாண்டில், ஆட்டோவே ஏறாமல் வருகிறவர்களைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டு, தீர்மானத்தை முன்மொழிந்தவரின் சொந்த மச்சினிச்சி கோயம்புத்தூரிலிருந்து ஜாரோடு வந்து நின்றதும் வாபஸ் வாங்கினார்கள். நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறவரிடமெல்லாம் ஊர்ப் பெயர் கேட்டுச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் பொட்டு வைத்தார்கள். அந்த வருடம் அந்தப் பள்ளியில் புவியியலில் ஒருவரும் தோற்கவில்லை. குளிக்கப் போகும் நேரத்தில் தேடித் துண்டோடு வந்துவிட்டவர்களுக்குப் பக்கத்துத் தையல் கடை ஜெய்லானி பீவி சீலைத் துணியைப் போர்த்தக் கொடுத்தாள். போர்த்திய துணியும் அவர்களோடு போயிற்று. வேண்டியது கிடைக்காமல் வந்த வேகத்தில் மறைகிறவர்களுக்கு 'நாலு செகண்டு ஆளு' என்று பெயர் விழுந்து, பெண் பார்த்துவிட்டுப் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போன ஒரு திருச்சுழி மாப்பிள்ளையைக் குறித்தும் ஊர் அதே பெயரைப் பயன்படுத்தியது. வேறு ஏதோ ஊர்க் கடை நம்மை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்ட நாட்களில் வருகிறவர்கள் உலைநீராவிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் போல மங்கலாக வந்தார்கள். சத்தம் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும்.

சீனியம்மாள் இவற்றில் எதையும் ரசிக்கவில்லை. தேடுகிறவர் வந்து நிற்கிறார் என்றால் தவசிமுத்தும் வந்து நிற்பார். அவர் தேடும் சொல் மட்டும் தெரிந்தால் போதும். அந்த ஒரு சொல்தான் தெரியவில்லை.

அவருக்கு முதுகுவலி உண்டு; 'குனிஞ்சு வேலை பாத்தா முதுகு பிடிக்குது' என்று ஒரு பக்கம் எழுதினார்கள், முதுகைப் பிடித்துக்கொண்டு இருநூறு பேர் வந்தார்கள், பிடித்த இடத்தில் பிடித்தபடி வந்தார்கள், தெருவே ஏதோ ஒரு நடனத்தை நடுவில் நிறுத்தியதைப் போல இருந்தது, அதில் தவசிமுத்து இல்லை. கம்பங்கூழ் இல்லாமல் அவருக்கு வெயில் காலம் போகாது. கூழுக்கு எழுதினார்கள், கூழ் தேடியவர்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. பழைய பாட்டுப் பெட்டிக்கு, மூக்குக் கண்ணாடித் திருகுக்கு, செருப்புக் கடிக்கு எழுதினார்கள். பிறகு ஒருநாள் சீனியம்மாள், அவர் தனியாக எங்கோ பொங்கித் தின்கிறார் என்று நினைத்து, 'ஒரு ஆளுக்குச் சோறு பொங்க எத்தனை டம்ளர் தண்ணி' என்று எழுதச் சொன்னார். அன்றுதான் ஊர் முதன்முறையாகப் பேச்சை நிறுத்தியது. ஒரே காலையில் நாற்பத்தொரு ஆண்கள் வந்தார்கள். திருப்பூர் பனியன் அறைகளிலிருந்தும் சூரத் மில் அறைகளிலிருந்தும் வளைகுடா நாட்டுக் கட்டிலடுக்கு அறைகளிலிருந்தும், ஈயப் பாத்திரமும் டம்ளருமாக வந்து, கயிற்றுக்குள் வரிசையில் நின்று காத்திருந்தார்கள். சீனியம்மாள் முக்காலியின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்து, இல்லை என்று தெரிந்த முகத்திடம், "ஒண்ணுக்கு ரெண்டரை. பழைய அரிசின்னா மூணு" என்றார். நாற்பத்தொரு தடவை சொன்னார். கடைசி ஆள் போனபின் முக்காலியிலிருந்து இறங்க முடியவில்லை, கிருபாவதி வந்து கையைப் பிடித்து இறக்கினாள்.

செய்தி பரவியது. பாலையம்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் வந்து, தன் மகன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது, அவன் எந்த ஊரில் இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் கேட்பான், எழுதிக்கொள் என்று ஒரே மூச்சில் சொன்னாள்: 'சண்டைச் சேவலுக்குக் கண்ணுல அடிபட்டா மஞ்சள் வைக்கலாமா.' பக்கம் போட்ட மூன்றாம் நாள் அவன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். பக்கத்தைப் படித்து முடிக்கும் வரை, பதினொரு நிமிடம் நின்றான். அந்த அம்மாள் சேவலோடு சேர்த்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கிருபாவதியின் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கத்த இன்னுங் கொஞ்சம் நீட்டி எழுதும்மா" என்றாள்.

சீனியம்மாள் அன்று கடைக்குள் போய், கிரைண்டர் கற்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரே வரி. ஒரு தாய்க்கு ஒரே வரியில் மகன் தெரிந்திருக்கிறான். இருபத்திரண்டு வருடத்தில், தான் எழுதிய முப்பத்தேழு பக்கத்தில் ஒன்றில்கூட அவர் இல்லை.

ஆடியில் தேடுபொறி தன் சட்டதிட்டங்களை மாற்றிக்கொண்டது. அது அவ்வப்போது அப்படிச் செய்யும் என்றும், யாரிடமும் சொல்லாது என்றும் கிருபாவதி சொன்னாள். பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. முதுகுவலிக்காரர்கள் மங்கினார்கள், கூழ்க்காரர்கள் நின்றுபோனார்கள், சோற்றுக்கு வந்தவர்கள் ஈயப் பாத்திரத்தின் பளபளப்பாக மட்டும் வந்து போனார்கள். வார்டு உறுப்பினரின் டியூப் லைட் காலியான கயிற்றின் மேல் பகலிலும் எரிந்தது.

"சந்தேகம் வந்திருச்சுக்கா" என்றாள் கிருபாவதி. "சேவலு, சோறு, செருப்பு. இவ என்ன கடைதான் வச்சிருக்கான்னு கேக்குது. இனிமே மிக்ஸியப் பத்தி எழுதினாத்தான் நம்பும். அதுவும் வேற எந்தக் கடையும் எழுத முடியாததா, நீங்க மட்டுமே எழுத முடியுறதா இருக்கணும். இன்னும் ஒரு பக்கம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

அந்தப் பக்கம் எது என்று சீனியம்மாளுக்குத் தெரியும். கிருபாவதியிடம் முதல்நாள் வந்து உட்கார்ந்தபோதே தெரியும். முப்பத்தேழு பக்கங்களையும் அவர் எழுதியது அந்த ஒரு பக்கத்தை எழுதாமல் இருப்பதற்காகத்தான்.

சில மிக்ஸிகளில், மூடியைச் சரியாகப் பூட்டினால்தான் மோட்டார் ஓட வேண்டும் என்று ஒரு குட்டி சுவிட்ச் வைத்திருப்பார்கள். அது பழுதானால், புதிது வரும்வரை, அதை விலக்கிவிட்டு இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துக் கொடுப்பது ரிப்பேர்க் கடைகளில் வழக்கம். இதற்கு 'டைரக்ட்' என்று பெயர். இந்தக் கடையில் டைரக்ட் கொடுப்பது சிவப்பு வயரால். பிறகு பிரிக்கும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்று புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடு. தை மாதக் கடைசியில் ஜெய்லானி பீவியின் மிக்ஸி டைரக்டாகிப் போயிற்று. சுவிட்ச் வரப் பதினைந்து நாள் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் ஜெய்லானியின் மகள் நஸ்ரின், ஏழு வயது, மூடியில்லாத ஜாரில் சிக்கிய நிலக்கடலையை எடுக்க விரலை விட்டாள், முழங்கை பட்டனில் பட்டது. வலதுகை ஆட்காட்டி விரலின் நுனி போயிற்று. தெரு அதை அதற்குப் பிறகு 'அன்னைக்கி' என்று மட்டும் சொன்னது. ஜெய்லானியின் மனம் புண்படக்கூடாது என்று தெருக்காரர்களும், தவசிமுத்துவின் மனம் புண்படக்கூடாது என்று ஜெய்லானியும், விரல் என்ற சொல்லையே தெருவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பந்தல்குடி ரோட்டில் அந்நாட்களில் கடைக்காரர்கள் வாழைப்பழத்தைக்கூட மொத்தச் சீப்பாகத்தான் காட்டினார்கள். தவசிமுத்து அந்த மிக்ஸியைத் திருப்பி வாங்கிவந்து, அடியைப் பிரித்து, சிவப்பு வயரைப் பார்த்தார். தான் போட்டது என்று எடுத்துக்கொண்டார். நானா நீயா என்று கேட்கவில்லை. அவர்தான் எதையும் கேட்காதவராயிற்றே. மூன்று நாள் ஒன்றும் பேசாமல் இருந்தார். நாலாம் நாள் எழுந்து போனார்.

அந்த வயரை முறுக்கியது சீனியம்மாள். அவர் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று நாளும், இதோ சொல்கிறேன், சாப்பிட்டபின் சொல்கிறேன், கடையைச் சாத்தியபின் சொல்கிறேன் என்று இருந்தார்.

கிருபாவதி இன்னும் ஒரு பக்கம் என்று சொன்னதற்கு மறுநாள் காலை சீனியம்மாள் தையல் கடைக்குப் போய், மிஷினுக்கு எதிரே நின்று, அதைச் சொன்னார். ஜெய்லானி தைத்துக்கொண்டிருந்த ஓரத்தைக் கடைசிவரை தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"அஞ்சாறு மாசமா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்திருந்தீங்க" என்றாள். "ஈத் அன்னைக்கி எங்கூட்டுப் பிரியாணிய வாங்கித் தின்னீங்க."

"ஆமா."

"அண்ணன நெனச்சு நெனச்சு நான் வஞ்சுக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள."

"தெரியும் ஜெய்லானி."

இதை வலைத்தளத்தில் எழுதப் போவதாகச் சீனியம்மாள் சொன்னார். ஜெய்லானி மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து, எழுதுங்கள், ஆனால் என் மகளைப் பற்றி எழுதுவதை நான் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்றாள். படித்தாள். 'பாவம்' என்று வந்த மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை அடித்தாள்.

'மிக்ஸியில் வெட்டுப்பட்ட குழந்தை விரல் திரும்ப வளருமா' என்பது தலைப்பு. எவ்வளவு போயிருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நஸ்ரினுக்கு வளரவில்லை, ஆறிவிட்டது, பென்சில் பிடிக்கிறாள், ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று முதல் பத்தி. டைரக்ட் என்றால் என்ன, உங்கள் மிக்ஸியில் கொடுத்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது, கொடுத்திருந்தால் இன்றைக்கே எப்படிப் பிரிப்பது என்று நடுப் பத்திகள். அந்த மிக்ஸியில் சிவப்பு வயர் போட்டது சீனியம்மாள், தவசிமுத்து அல்ல என்று கடைசி வரி. ஊர் முழுக்கப் படித்தது. சங்கையா அன்றைக்கு சீனியம்மாளுக்கு டீ கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வீட்டிலிருந்து மிக்ஸியைக் கொண்டுவந்து, அடியைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டில் சிவப்பு வயர் இருந்தது.

பக்கம் ஒன்பதாம் இடத்தில் தொடங்கி மெல்ல ஏறியது. வந்தவர்கள் புகையாக வந்தார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெய்லானி தையலை விட்டுவிட்டு வாசலில் நின்று, இங்கே நிற்காதீர்கள், அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போங்கள் என்று ஒவ்வொருவரையும் விரட்டினாள். நஸ்ரின் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி, கேட்பவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டினாள். சீனியம்மாள் முக்காலியில் ஏறவில்லை. படியிலேயே நின்றார். எட்டு நாள் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை, சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்தார்கள், அதை அவர் எதிரே பார்த்தபடி தின்றார், என்ன தின்றார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒன்பதாம் நாள் பக்கம் மூன்றாம் இடத்தில் இருந்தது. காலை பத்தரைக்குத் தவசிமுத்து வந்தார்.

மங்கலாக வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, முழங்கை வரை அரிசி மாவு. ஏதோ ஊர் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று போர்டைப் பார்த்தார், டியூப் லைட்டைப் பார்த்தார். ஒரு செகண்டு. இரண்டு. எட்டு நாளாகப் பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் சீனியம்மாளின் வாயில் ஒட்டிக்கொண்டது. மூன்று.

"அந்தச் சிவப்பு வயரு நான் போட்டது" என்றார். "நீங்க இல்ல. நான்."

நாலு செகண்டு ஆயிற்று. அவர் போகவில்லை. ஐந்தாயிற்று. சங்கையா டீயை ஆற்றுவதை நிறுத்தினார். தவசிமுத்து சீனியம்மாளைப் பார்த்தார், பிறகு படியில் இருந்த நஸ்ரினைப் பார்த்தார். அவர் வாய் அசைந்தது. மூன்றாம் இடத்து ஆட்களின் சத்தம் யாருக்கும் கேட்காது. ஆனால் உதட்டைப் பார்த்து ரிப்பேர் பார்த்துப் பழகிய தெரு அது, அவர் என்ன கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒன்றைக் கேட்டுப் பார்த்தது அன்றுதான்.

நஸ்ரின் எழுதுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "மழை பேஞ்சா மட்டுந்தான் வலிக்கும் பெரியப்பா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு இல்லை.

தரையில் ஒரு விரற்கடை மாவு கிடந்தது. யாரோ ஒருவர் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, மேலே போய் மறுபடியும் கடைசி வரி வரை படித்திருக்கிறார் என்று கிருபாவதி திரையைப் பார்த்துச் சொன்னாள். எந்த ஊரிலிருந்து என்று சீனியம்மாள் கேட்டார். அதைத் திரை காட்டவில்லை.

அந்த வாரத்தோடு எல்லாம் நின்றது. பக்கம் நாலாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் அதற்கு அப்பால் யாரும் புரட்டிப் பார்க்காத இடத்துக்கும் இறங்கியது. தேடியவர்கள் தேடிய இடத்திலேயே இருந்து படித்துக்கொண்டார்கள். வார்டு உறுப்பினர் கயிற்றை அவிழ்த்து வேறு ஒரு திறப்பு விழாவுக்கு எடுத்துப்போனார், சங்கையா முழு கிளாஸுக்குத் திரும்பினார், பள்ளிக்கூட வரைபடத்தில் பொட்டுகள் காய்ந்து உதிர்ந்தன. சீனியம்மாள் சொல் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கிருபாவதியிடம் தினமும் கேட்டார். சொல்லெல்லாம் தீர்ந்துவிட்டது அக்கா என்று அவள் தினமும் சொன்னாள். மாவு விழுந்த இடத்தைச் சீனியம்மாள் கூட்டவில்லை, வாசல் தெளிக்கும்போது அதைச் சுற்றியே தெளித்தார், அது வெயிலில் வெடித்து, எறும்பு தூக்கி, கடைசியில் ஒரு வெள்ளைத் தடமாக மட்டும் இருந்தது.

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை பகலில், மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், நகக்கண்ணில் மாவு காய்ந்த ஒருவர் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, அருப்புக்கோட்டை வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை சத்தம் வெளியே வரவில்லை.